ஹைட்ரஜனில் வண்டி ஓட்டலாமா?



எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் நம்மிடையே ஒரு பேச்சு எழுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். "தண்ணீரில் ஓடும் காரைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், எண்ணெய்க் கம்பெனிகள்தாம் அதை வெளியே வரவிடாமல் அமுக்கி வைத்திருக்கின்றனவாம்" என்று காப்பிக் கடையில் ஒருவர் சொல்வார். பக்கத்தில் இருப்பவர், "தண்ணீர் இல்லை அண்ணே, ஹைட்ரஜன். ஜப்பானில் ஓடுகிறது. பின்னால் புகை வராது, தண்ணீர்தான் சொட்டும்" என்று திருத்துவார். இவ்விரு கூற்றுகளில் முதலாவது பொய், இரண்டாவது மெய். ஆனால் மெய் என்பதனாலேயே அது நமக்கு உகந்தது என்று ஆகிவிடாது. ஒரு வண்டி ஓடுமா என்பது ஒரு கேள்வி. அதை ஓட்டிக் கட்டுப்படியாகுமா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்குரிய கணக்கைத்தான் இன்று நாம் சேர்ந்து போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஹைட்ரஜன் என்பது யாது என்று காண்போம். 1766ஆம் ஆண்டு ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கிலேய அறிஞர், உலோகத்தை அமிலத்தில் இட்டபோது குமிழியிட்டு எழுந்த வாயுவைத் தனியாகப் பிடித்து ஆராய்ந்தார். அது எளிதில் தீப்பற்றியது. எரிந்து முடிந்த பிறகு பார்த்தால் அங்கே நீர் உண்டாகியிருந்தது! பின்னர் பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் அவ்வாயுவுக்கு ஹைட்ரஜன் என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் "நீரை உண்டாக்குவது" என்பது அதன் பொருள். தமிழிலும் அதனை நீரகம் என்று சொல்வதுண்டு.

இந்தப் பெயருக்குள்ளேயே நாம் தேடும் விடை பாதி அடங்கியிருக்கிறது. ஹைட்ரஜன் எரிந்தால் நீராகிறது. அப்படியானால் நீர் என்பது என்ன? ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். விறகு எரிந்தால் சாம்பல்; ஹைட்ரஜன் எரிந்தால் நீர். சாம்பலை அடுப்பில் இட்டு உலை கொதிக்க வைக்க முடியுமா? முடியாதல்லவா? அதுபோலவே நீரை இயந்திரத்தில் ஊற்றி வண்டியை ஓட்டவும் முடியாது.

"நீரை மீண்டும் ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரித்து எரிக்கலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். பிரிக்கலாம். நீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அவ்விரண்டும் பிரியும். ஆனால் எரியும்போது எவ்வளவு ஆற்றல் வெளிவந்ததோ, குறைந்தது அவ்வளவு ஆற்றலைக் கொடுத்தால்தான் பிரியும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கிறது. இது இயற்கையின் சட்டம்; இதை யாராலும் ஏய்க்க முடியாது. தண்ணீரில் ஓடும் கார் என்று சொல்லி முதலீட்டாளர்களிடம் பணம் பெற்ற ஒருவர் மீது அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் வழக்குத் தொடரப்பட்டது. 1996இல் நீதிமன்றம் அதை மோசடி என்று தீர்த்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிற்று. காரில் பொருத்தினால் தண்ணீரைப் பிரித்துப் பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்று விற்கப்படும் சிறு கருவிகளின் கதையும் இதுவே. நீரைப் பிரிக்க வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வருகிறது? அதே காரின் இயந்திரத்திலிருந்து. இயந்திரம் எதனால் ஓடுகிறது? அதே பெட்ரோலால். யாரேனும் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால், உங்கள் பணப்பையைப் பத்திரமாகச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நாம் மனத்தில் கொள்ள வேண்டிய முதற்செய்தி இது: பெட்ரோல் நிலத்தடியிலிருந்து கிடைக்கிறது, ஹைட்ரஜனை நாம்தான் செய்து எடுக்க வேண்டும். நிலத்தடியில் தனித்த ஹைட்ரஜன் சிற்சில இடங்களில் கிடைப்பதும், அதைத் தேடும் முயற்சி நடப்பதும் உண்மையே. எனினும் இன்று உலகம் பயன்படுத்தும் ஹைட்ரஜனில் ஏறத்தாழ முழுவதும் ஆலைகளில் செய்யப்படுவது. எனவே ஹைட்ரஜன் ஆற்றலின் ஊற்று அன்று. ஓரிடத்து ஆற்றலை இன்னோரிடத்துக்குக் கொண்டு செல்லும் பாத்திரம். பாத்திரம் நல்லதா என்று பார்க்குமுன், அதில் என்ன ஊற்றப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஹைட்ரஜனை எவ்வாறு செய்கிறார்கள்? உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 கோடி டன் ஹைட்ரஜன் உண்டாக்கப்படுகிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், வயலுக்கு இடும் உரத்துக்குத் தேவையான அம்மோனியாவைச் செய்யவும் அது பயன்படுகிறது. அதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவை நீராவியோடு சேர்த்துச் சூடாக்கி எடுக்கப்படுவது. ஒரு பகுதி நிலக்கரியிலிருந்து எடுக்கப்படுவது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்போது ஏறத்தாழ 9 அல்லது 10 கிலோ கரியமிலவாயு ஆலையின் புகைபோக்கி வழியே வெளியேறுகிறது. ஹைட்ரஜன் கார் ஒரு கிலோவில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடும். அதே தொலைவைச் சாதாரணப் பெட்ரோல் கார் கடந்தால் ஏறத்தாழ 15 கிலோ கரியமிலவாயு வெளியாகும்; பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் சிக்கனமான ஹைபிரிட் கார் என்றால் 10 கிலோதான். அப்படியானால் அந்த ஹைட்ரஜன் காரால் நாம் அடைந்த நன்மை என்ன? புகை நம் தெருவில் வராமல் ஆலைப் பக்கம் போயிற்று, அவ்வளவே.

மற்றொரு முறை, நாம் முன்பு சொன்னபடி மின்சாரத்தால் நீரைப் பிரிப்பது. அந்த மின்சாரம் அருவியிலிருந்தோ, காற்றிலிருந்தோ, வெயிலிலிருந்தோ வந்தால் இம்முறை தூய்மையானதுதான். நிலக்கரியை எரித்து எடுத்த மின்சாரமாக இருந்தால் நிலைமை தலைகீழாகும். ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்து அழுத்தி அடைக்க ஏறத்தாழ 60 யூனிட் மின்சாரம் வேண்டும். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்கக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமிலவாயு வெளியாகிறது. ஆகவே அந்த 100 கிலோமீட்டர் பயணத்துக்கு 60 கிலோ! பெட்ரோல் காரைப்போல் நான்கு மடங்கு. வண்டியின் பின்புறம் சொட்டுவது தூய நீர்தான். ஆனால் எங்கோ தொலைவில் உள்ள மின்னிலையம் அந்தப் புகை முழுவதையும் கக்கியிருக்கும்.

சரி, நல்ல மின்சாரத்தால் நல்ல ஹைட்ரஜனைச் செய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அதை வண்டியில் எப்படி ஏற்றுவது? இங்கே ஹைட்ரஜனின் விந்தையான குணம் குறுக்கிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால் அதற்கு இணையான எரிபொருள் இல்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ மூன்று கிலோ பெட்ரோலில் உள்ள ஆற்றலுக்குச் சமம். ஆனால் உலகிலேயே மிக இலேசான பொருள் அது. சாதாரண நிலையில் ஒரு கிலோ ஹைட்ரஜன் பதினோராயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறிய அறை நிரம்பிவிடும். ஆகவே அதை அழுத்தி அடைக்கிறார்கள். எவ்வளவு அழுத்தம் தெரியுமா? கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 300 மடங்கு! அவ்வாறு அழுத்தியும்கூட, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றலைப் பெற ஆறு, ஏழு லிட்டர் இடம் வேண்டியிருக்கிறது. 2014இன் இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரில், சுமார் 5 கிலோ ஹைட்ரஜனைச் சுமப்பதற்காகக் கரிம இழைகளால் வரிந்து செய்த இரண்டு தோம்புகளைப் பொருத்தினார்கள். அத்தோம்புகளின் எடை ஏறத்தாழ 90 கிலோ. நம் வீட்டுச் சமையல் எரிவாயுத் தோம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தோம்பைவிட வாயு அவ்வளவு குறைவில்லை. இங்கே வாயு ஐந்து கிலோ, பாத்திரம் தொண்ணூறு கிலோ.

அழுத்துவதற்குப் பதிலாகக் குளிரவைத்துத் திரவமாக்கலாமே என்றும் முயன்று பார்த்தார்கள். அதற்குச் சுழிக்குக் கீழே 253 பாகை வரை குளிர்விக்க வேண்டும். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2006இல் அப்படி ஒரு காரை அறிமுகப்படுத்தி ஏறத்தாழ நூறு வண்டிகளைச் செய்தது. வண்டியை நிறுத்தி வைத்தால் உள்ளே இருக்கும் திரவம் மெல்லக் கொதித்து வெளியேறிக்கொண்டே இருக்கும். பாதி நிறைந்த தொட்டி ஒன்பது நாள்களில் ஏறக்குறைய வெறுமையாகிவிடும். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் தொட்டியில் ஹைட்ரஜன் மிஞ்சியிருக்காது! அம்முயற்சி அத்தோடு நின்றது.

இனி, வண்டிக்குள் ஹைட்ரஜன் எப்படி வேலை செய்கிறது என்று காண்போம். அதைப் பெட்ரோலைப்போல் இயந்திரத்தில் எரிக்கவும் செய்யலாம். ஆனால் இன்றைய ஹைட்ரஜன் கார்களில் இருப்பது எரிகலம் என்னும் கருவி. இதன் மூலத்தத்துவத்தை வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த வில்லியம் குரோவ் 1839ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். மின்சாரம் கொடுத்தால் நீர் பிரிகிறதென்றால், பிரிந்தவற்றை மீண்டும் சேர்த்தால் மின்சாரம் வர வேண்டுமல்லவா? வந்தது! எரிகலத்தின் ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் காற்றும் செல்கின்றன. நடுவே மெல்லிய சவ்வும் பிளாட்டினப் பூச்சும் இருக்கின்றன. தீயின்றி, ஓசையின்றி அவை இணைந்து மின்சாரத்தையும் நீரையும் தருகின்றன. அமெரிக்க விண்வெளிக் கலங்களில் மின்சாரம் தந்தது இக்கருவியே. சந்திரனுக்குச் சென்ற அப்போலோ வீரர்கள் குடித்த நீரும் எரிகலத்தில் உண்டானதுதான். ஆக, ஹைட்ரஜன் காரும் ஒரு மின்சாரக் காரே. பேட்டரியில் மின்சாரத்தைச் சேமித்து வைப்பதற்குப் பதிலாக, போகிற வழியில் மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்கிறது, அதுவே வேறுபாடு.

இப்பொழுது நம் கணக்குக்கு வருவோம். ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து வேலைக்குச் சென்று வரும் நம் மக்களுக்கு நாணய மாற்றுக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரிங்கிட்டைச் சிங்கப்பூர் வெள்ளியாக மாற்றி, உடனே அதைத் திரும்ப ரிங்கிட்டாக மாற்றினால், கையில் முன்பிருந்த தொகை இருக்காது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடைக்காரருக்குரிய பங்கு போகும். ஆற்றலும் அப்படித்தான்.

நம்மிடம் 100 யூனிட் தூய மின்சாரம் இருப்பதாகக் கொள்வோம். நீரைப் பிரித்து ஹைட்ரஜனாக்கும்போது அதில் சுமார் 65 மிஞ்சும். அதை அழுத்தி, நிலையத்துக்குக் கொண்டு சென்று, குளிர்வித்து, வண்டியில் அடைக்கும்போது மேலும் ஒரு பங்கு போக 55 முதல் 60 வரை மிஞ்சும். எரிகலம் அதைத் திரும்ப மின்சாரமாக்கும்போது பாதிதான் தேறும். மோட்டாரைக் கடந்து சக்கரத்தை அடைவது 30க்குச் சற்றுக் குறைவு. அதே 100 யூனிட்டைக் கம்பி வழியே கொண்டு சென்று நேரே காரின் பேட்டரியில் ஏற்றினால், சக்கரத்தை அடைவது 70 முதல் 80 வரை. வேறு விதமாகச் சொன்னால், ஹைட்ரஜன் கார் 100 கிலோமீட்டர் ஓடச் செலவாகும் 60 யூனிட் மின்சாரத்தில் பேட்டரிக் கார் 300 கிலோமீட்டர் ஓடிவிடும். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று நம் முன்னோர் சொன்னது இதற்கெனவே சொன்னதுபோல் இல்லையா?

இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கன்று. கலிபோர்னியா மாநிலம் ஹைட்ரஜன் நிலையங்களுக்காகப் பொதுப்பணத்தைத் தாராளமாகச் செலவிட்டது. வண்டியை வாங்கியவர்களுக்குப் பல ஆயிரம் டாலர் மதிப்புள்ள எரிபொருள் அட்டையை உற்பத்தியாளர்களே கொடுத்தார்கள். ஆயினும் 2023இல் அங்கே சில நிலையங்களில் ஒரு கிலோ ஹைட்ரஜன் 36 டாலர் வரை விற்றது. நிலையங்கள் அடிக்கடி பழுதாகி நின்றன. 2024இல் ஷெல் நிறுவனம் அம்மாநிலத்தில் கார்களுக்கென்று நடத்திவந்த ஹைட்ரஜன் நிலையங்களை மூடிவிட்டது. நம்பி வாங்கியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். கார் நன்றாக இருக்கிறது. அதற்குத் தீனி போடத்தான் இடமில்லை.

பிரான்சில் மோண்ட்பெல்லியே நகராட்சி 51 ஹைட்ரஜன் பேருந்துகளை வாங்குவதாக இருந்தது. ஓட்டும் செலவு பேட்டரிப் பேருந்தைப்போல் ஆறு மடங்காகும் என்று கணக்கிட்டுப் பார்த்து, 2022இன் தொடக்கத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஜெர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்தில் 2018 முதல் ஹைட்ரஜன் இரயில்கள் பயணிகளை ஏற்றிச் சென்றன. உலகமே அதைப் பாராட்டியது. அம்மாநிலமே 2023இல், இனி வாங்கும் வண்டிகள் பேட்டரி இரயில்களாகவே இருக்கும் என்று அறிவித்தது. இவர்கள் ஹைட்ரஜனின் பகைவர் அல்லர். முன்வந்து சோதித்துப் பார்த்தவர்கள். ஆகவேதான் அவர்களுடைய அனுபவம் நமக்குப் பாடமாகிறது.

ஹைட்ரஜன் ஆபத்தானதா என்ற ஐயமும் பலருக்கு உண்டு. 1937ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட் தளத்தில் இறங்க முயன்ற ஹிண்டன்பர்க் என்ற ஆகாயக் கப்பல் தீப்பிடித்து 36 பேர் மாண்டனர். அதனுள் நிரப்பியிருந்தது ஹைட்ரஜன். இன்றைய கார்த் தோம்புகளை அதனோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அவை கடுமையான சோதனைகளுக்குப் பிறகே வண்டியில் ஏறுகின்றன. திறந்த வெளியில் கசிந்தால் ஹைட்ரஜன் விரைவாக மேலே போய்விடும் என்பதும் ஒரு நன்மை. ஆனால் அதற்கு மணமில்லை. பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மிகச் சிறிய பொறியிலும் பற்றிக்கொள்ளும். 2019 ஜூன் மாதத்தில் நார்வே நாட்டின் தலைநகர் ஓஸ்லோவுக்கு அருகில் ஒரு ஹைட்ரஜன் நிலையம் வெடித்தது. உயரழுத்தத் தொட்டியின் மூடியில் சில திருகாணிகள் சரியாக முறுக்கப்படாததே காரணம் என்று தெரியவந்தது. ஆகவே, அஞ்சி ஓட வேண்டிய பொருள் அன்று. அலட்சியமாகக் கையாளக்கூடிய பொருளும் அன்று. பயிற்சி பெற்ற கைகள் அதற்கு வேண்டும்.

அப்படியானால் ஹைட்ரஜனை ஒதுக்கிவிடலாமா? அதுவும் தவறு. பேட்டரிக்கு ஒரு குறை உண்டு: அது கனமானது, நிரப்ப நேரம் பிடிப்பது. ஹைட்ரஜன் காரை மூன்று முதல் ஐந்து நிமிடங்களில் நிரப்பிவிடலாம். வீட்டு வாசலில் இரவெல்லாம் நிற்கும் குடும்பக் காருக்கு இது பெரிய நன்மையன்று. இரவும் பகலும் ஓய்வின்றி ஓட வேண்டிய வண்டிக்கு இது நன்மைதான். அமெரிக்காவின் பெரிய கிடங்குகளில் சரக்குத் தூக்கும் பல்லாயிரம் வண்டிகள் ஹைட்ரஜனில் ஓடுகின்றன. அங்கே எல்லா வண்டிகளும் ஒரே கூரையின் கீழ், ஒரே நிலையத்தில் நிரப்பிக்கொள்ளலாம். வழியில் நிலையத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. நெடுந்தூரம் செல்லும் கப்பல்களிலும் ஹைட்ரஜனோ, ஹைட்ரஜனிலிருந்து செய்த அம்மோனியா போன்ற பொருள்களோ பயன்படலாம். லோரிகளைப் பொறுத்தவரை இன்னும் போட்டி நடக்கிறது. ஆனால் ஆண்டுக்காண்டு பேட்டரி முன்னேறி வருகிறது.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சரவாக் மாநிலத்தில் பாக்குன், மூரும், பாத்தாங் ஆய் ஆகிய அணைகள் இருக்கின்றன. பாக்குன் அணைக்கட்டின் திறன் மட்டுமே 2,400 மெகாவாட். அம்மாநிலத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீரின் வீழ்ச்சியால் கிடைப்பது. அந்த வலிமையை நம்பி 2019இல் கூச்சிங் நகரில் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் நிலையம் தொடங்கப்பட்டது; ஹைட்ரஜன் பேருந்துகளும் சோதனையாக ஓட்டப்பட்டன. நிலக்கரியையும் எரிவாயுவையும் பெரிதும் நம்பியிருக்கும் தீபகற்பத்தில் அதே முயற்சியைச் செய்தால் கணக்கு வேறாகும் என்பதை நாம் மேலே கண்டோம். சரவாக்கிலும்கூட ஒரு கேள்வி நிற்கிறது: அதே அருவி மின்சாரத்தை நேரே பேட்டரிப் பேருந்தில் ஏற்றினால், ஒரு பேருந்துக்குப் பதில் மூன்று பேருந்துகளை ஓட்டலாமே? விடை எதுவாயினும், கேட்க வேண்டிய கேள்வி இது.

சிங்கப்பூரின் நிலை வேறு. அணை கட்டி மின்சாரம் எடுக்கத்தக்க ஆறு அங்கே இல்லை. காற்றாலை அமைக்கப் போதிய காற்றில்லை. வெயில் உண்டு, பரப்ப இடமில்லை. 2004ஆம் ஆண்டிலேயே அங்கே ஹைட்ரஜன் கார்கள் சிலவற்றை ஓட்டிப் பார்த்தார்கள்; அவை சாலையில் நிலைக்கவில்லை. ஆனால் 2022 அக்டோபரில் வெளியிட்ட ஹைட்ரஜன் திட்டத்தில், 2050ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்தேவையில் பாதி வரை ஹைட்ரஜனால் நிறைவேறக்கூடும் என்று அரசாங்கம் கூறியது. கவனியுங்கள்: முதன்மையாக எண்ணியது காருக்காக அன்று; மின்னிலையத்துக்காக. தொலைதூரத்தில் உண்டான தூய ஆற்றலைக் கடல் கடந்து கொண்டுவர ஒரு பாத்திரம் அந்த நாட்டுக்கு வேண்டியிருக்கிறது.

நேயர்களே, நாம் போட்ட கணக்கின் முடிவு இதுதான். ஹைட்ரஜன் வண்டி ஓடும், அதில் ஐயமில்லை. ஆனால் கம்பி எட்டும் இடத்தில், நாளும் வீடு திரும்பும் வண்டிக்கு அது சுற்றுவழி. கம்பியும் பேட்டரியும் எட்டாத இடத்தில் அது பயன்படலாம். அதற்கும் முன்பாக, உரத்துக்கும் ஆலைகளுக்கும் இன்று நாம் புகையோடு செய்துகொண்டிருக்கும் அந்தப் பத்துக் கோடி டன் ஹைட்ரஜனைப் புகையின்றிச் செய்ய வேண்டிய பெரிய வேலை காத்திருக்கிறது. அரிதாகக் கிடைக்கும் தூய ஹைட்ரஜனை முதலில் அங்கே செலவிடுவதே முறை.

"ஹைட்ரஜன் வரப்போகிறது, அதுவரை பொறுத்திருப்போம்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் ஒரு செலவுதான். பொறுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பெட்ரோல் எரிந்துகொண்டிருக்கிறது. அந்தப் புகையை நம் பிள்ளைகள்தாம் சுவாசிக்கிறார்கள். ஆகவே, புதிய எரிபொருள் ஒன்றைப் பற்றி யாரேனும் உங்களிடம் புகழ்ந்து சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எதிலிருந்து செய்யப்பட்டது? செய்ய எவ்வளவு ஆற்றல் செலவாயிற்று? சக்கரம் வரைக்கும் மிஞ்சியது எவ்வளவு? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தவர்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.